டிரைவால் வேலைக்குப் போற நம்ம ஊர்ப் பசங்களுக்கு: முதல் சம்பளத்துல எந்த மெஷின் வாங்கறது?

கனடாவுல இருந்து லீவுக்கு காவேரிப்பட்டணம் வந்து பத்து நாளாச்சு. நேத்து சாயங்காலம் பர்கூர்ல இருந்து ரெண்டு தம்பிங்க வீட்டுக்கு வந்தாங்க. ஓசூர்லயும் பெங்களூர்லயும் நாலு வருஷம் ஃபால்ஸ் சீலிங் அடிச்சவங்க, அடுத்த மாசம் டிரைவால் வேலைக்கு, அதாவது சட்டத்து மேல ஜிப்சம் போர்டை ஸ்க்ரூ அடிச்சு சுவரும் சீலிங்கும் போடற வேலைக்கு, கனடா கிளம்பறாங்க. "அண்ணா, ஆட்டோ ஃபீட் ஸ்க்ரூ கன் இருந்தா வேலை பறக்குமாமே, போன உடனே வாங்கிடலாமா? இல்ல கையில இருக்கற கார்ட்லெஸ் டிரில்லே போதுமா?"ன்னு கேட்டாங்க. ஸ்க்ரூ கன்னுன்னா போர்டுல ஸ்க்ரூவை ஒரே ஆழத்துக்கு இறக்கற மெஷின்; ஆட்டோ ஃபீட்டுன்னா பட்டையில வரிசையா கோத்த ஸ்க்ரூவை அதுவே ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கும். போன வாரம் பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி போன்ல இதையேதான் கேட்டான். அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. இங்க வச்சிருக்கற டிரில்லைத் தூக்கிட்டுப் போகாதீங்க. நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட், கனடாவுல 120 வோல்ட். பிளக்கும் வேற. இங்கத்து சார்ஜர் அங்க உதவாது. தனி லித்தியம் பேட்டரியைப் பெட்டியில போட்டு அனுப்பவும் கூடாது, கைப்பையிலதான் வைக்கணும், அதுவும் 100 வாட் அவர் வரைக்கும்தான் தனியா அனுமதி கேக்காம விடுவாங்க. அந்த எடைக்கு வீட்டுல இருந்து ராகி மாவு எடுத்துட்டுப் போங்க, முதல் மாசம் ரொம்ப உதவும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வேகத்தைப் பத்தித்தான் எல்லாரும் கேக்கறாங்க. ஆழத்தைப் பத்தி யாரும் கேக்கறதில்ல. போர்டுக்குள்ள இருக்கறது வெறும் ஜிப்சம், விரல்ல அழுத்தினா உதிரும். அதைத் தாங்கறது மேல இருக்கற காகிதம். ஸ்க்ரூ தலை காகிதத்தை லேசா உள்ள அமுக்கணும், ஆனா கிழிக்கக் கூடாது.

மாடியில மிச்சம் கிடந்த போர்டுத் துண்டை ஒரு சட்டத்து மேல வச்சு, தம்பியை அவன் டிரில்லாலயே ரெண்டு ஸ்க்ரூ இறக்கச் சொன்னேன். முதல் ஸ்க்ரூ சரக்குன்னு உள்ள போயிடுச்சு. தலையைச் சுத்தி காகிதம் பிசிறு பிசிறா நின்னுது, தடவினா விரல்ல வெள்ளைப் பொடி. ரெண்டாவது அம்மைத் தழும்பு மாதிரி ஒரு சின்னக் குழி, காகிதம் முழுசா இருந்துது. போர்டைப் பிடிச்சு இழுன்னேன். முதல் ஸ்க்ரூகிட்ட போர்டு கையோட வந்துடுச்சு, ரெண்டாவது அசையவே இல்ல. பையன் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பாத்துட்டு இருந்தான்.

நான் போன புதுசுல இம்பாக்ட் டிரைவர்ல அடிச்சேன். அது தட்டித் தட்டித் திருப்பற மெஷின், எங்க நிக்கும்னு கைக்குத் தெரியாது. பூச்சு வேலைக்கு வந்தவர் பிளேடை சுவத்துல இழுத்துட்டே வந்தார். மேல நீட்டிட்டு இருக்கற தலையில பட்டா 'டிக்'னு சத்தம் வரும். அஞ்சு அடிக்குள்ள மூணு 'டிக்', அதுக்குப் பக்கத்துலயே கிழிஞ்ச ஓட்டைங்க. அந்த ரூம் முழுக்கத் திரும்ப அடிச்சேன், அந்த அரை நாளுக்குச் சம்பளம் குடுக்கல. இன்னும் மனசுல இருக்கு.

டிரில்லுல கிளட்ச் வளையம் இருக்கே, அதை வச்சு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. கிளட்ச் பாக்கறது விசையை, ஆழத்தை இல்ல. மரத்துல கணு வந்தா பாதியிலயே நிக்கும், மெத்துன்னு இருக்கற மரத்துல உள்ள முங்கும். ஸ்க்ரூ கன்னுல மூக்கு இருக்கு. ஒரு தடவை திருப்பி ஆழம் வச்சுட்டா, மூக்கு போர்டுல முட்டினதும் பிட் தானா விட்டுடும். அதனால ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி நிக்கும். வேகமும் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 4000 சுத்து வாக்குல இருக்கும். வீட்டுல ஒரு ரூம், இல்ல ஓட்டை அடைக்கறது மட்டும்னா டிரில்லுல மாட்டற டிம்ப்ளர் பிட் போதும். அதோட கிண்ணம் போர்டுல முட்டி நிறுத்திடும். தினக்கூலி வேலைக்கு அது பத்தாது.

ஆட்டோ ஃபீட் நல்ல சாமான்தான், சீலிங்ல அது தனிச் சுகம். கணக்கு பாருங்க: 12 அடி நீளம், 4 அடி அகலம் போர்டு, 16 இஞ்சுக்கு ஒரு சட்டம்னா பத்து சட்டம் வரும். சட்டத்துக்கு 12 இஞ்ச் இடைவெளியில அஞ்சு ஸ்க்ரூ. மொத்தம் 50. ஒரு பட்டையில வழக்கமா 50 ஸ்க்ரூதான் இருக்கும். தலைக்கு மேல போர்டு இருக்கறப்ப ஒவ்வொரு ஸ்க்ரூவா பையில இருந்து எடுக்காம, ஒரு கையால போர்டைத் தாங்கிட்டு ஒரு கையால ஒரு பட்டையில முடிச்சிடலாம்.

ஆனா பட்டை ஸ்க்ரூ உதிரியை விட விலை அதிகம். மெஷினைச் சாய்ச்சுப் பிடிச்சா சிக்கும், உள்மூலையில, கரண்ட் பாக்ஸ் ஓரத்துல அந்தத் தடி மூக்கு நுழையாது. கை பழகாதவன் வாங்கினா பாதி நேரம் சிக்கு எடுக்கறதுலயே போகும்.

அதனால தம்பிங்களுக்குச் சொன்னது இதுதான்: முதல் சம்பளத்துல பேட்டரி ஸ்க்ரூ கன் வாங்குங்க. டிவால்ட், மக்கீட்டா, மில்வாக்கி மூணுலயும் பின்னாடி ஆட்டோ ஃபீட் மூக்கைத் தனியா வாங்கி மாட்டற மாதிரி மாடல் வருது, அதையே எடுங்க. உங்க குழு எந்த பேட்டரி வச்சிருக்கோ அதே கம்பெனி, அப்பதான் அவசரத்துக்கு மாத்திக்கலாம். மூணு நாலு மாசம் கழிச்சு, சீலிங் வேலை நிறைய வந்தா அந்த மூக்கை வாங்குங்க. டிரில் சட்டம் கட்டறதுக்கு வேணும், அதையும் அங்கேயே வாங்கிக்கலாம்.

ஸ்க்ரூ வாங்கறப்பவும் கவனம். இங்க நாம ஜிஐ சேனல்ல, அதாவது தகரச் சட்டத்துல, அடிச்சுப் பழகினது நெருக்கமான மரை. அங்க வீடுங்க பெரும்பாலும் மரச்சட்டம், அதுக்கு அகல மரை. அரை இஞ்ச் போர்டுக்கு ஒண்ணேகால் இஞ்ச் நீளம். டப்பா மேல பாத்து வாங்குங்க.

ஆடிப் பெருக்கு வரைக்கும் ஊர்லதான் இருப்பேன். மாடியில இன்னும் நாலு போர்டுத் துண்டு இருக்கு, அஞ்சு மணிக்கு மேல வந்தா அடிச்சுப் பழகிட்டுப் போகலாம்.