பழைய வண்டியில் கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் இருக்கும் கப், கோன், இரும்புக் குண்டுகள்) மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வலது கால் கியர் (காரைக்குடி)

அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 71 மாடல் புல்லட், வார்ப்பிரும்பு இன்ஜின். முன் பிரேக்கைத் தொட்டால் ‘டக்’, பள்ளத்தில் இறங்கினால் ‘டக்’. ஹேண்டில் நேராக வரும் இடத்தில் ஒரு பிடிப்பு. கோன் செட்தான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹெட்லைட் டூமைப் பிரித்து, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை இறக்கி, கீழ்க் கப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார் மெக்கானிக் அண்ணன். என் கையைப் பிடித்து, “நகத்தால தடவிப் பாருங்க தம்பி” என்றார். வரிசையாகக் குழி. மேலே 19, கீழே 19, எல்லாம் கால் அங்குலக் குண்டு. அத்தனையும் ஆளுக்கொரு இடம் தோண்டி உட்கார்ந்திருக்கின்றன. நகம் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறுகிறது.

சின்ன வயதில் என்னை டேங்க் மேல் உட்கார வைத்து, கானாடுகாத்தான் போகும் வழியில் அப்பச்சி இரண்டு கையையும் விட்டுவிடுவார். “பாத்தியா, நூல் பிடிச்ச மாதிரி போகுது” என்பார். எனக்குப் பெருமை தாங்காது. இப்போது நினைத்தால் வண்டி நேராகப் போகவில்லை, ஹேண்டில் அந்தக் குழியில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு! புது செட் போட்டு வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இந்த நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

செக்காலை யெஸ்டி

எனக்கும் குழிதான். ஆனால் என்னை விடாத காட்சி வேறு.

கீழ்க் கப் வரவில்லை. உள்ளேயிருந்து கம்பியை வைத்துத் தட்டினால் விளிம்பு கிடைக்கவில்லை, வழுக்குகிறது. பட்டறை அண்ணன் அரை மணி நேரம் தட்டிவிட்டுச் சுத்தியலைப் போட்டுவிட்டு, பக்கத்து வெல்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கப்பின் உள்பக்கம், குண்டு ஓடும் தடத்திலேயே ஒரு சுற்று வெல்டிங் வைத்தார். “டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். எனக்கு வயிறு கலங்கியது. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா மூடி எத்தனை காலமாயிற்று, ஃபிரேம் போனால் எங்கே தேடுவது?

டீ பாதி இறங்கவில்லை. ‘டங்’ என்று சத்தம். யாரும் தொடாமல் கப் தானாகத் தரையில் கிடக்கிறது. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது கப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும், பிடி விட்டுவிடும், அவ்வளவுதான் என்றார். கூலி கேட்டதற்கு டீக்காசைக் கொடுங்கள் என்று போய்விட்டார். அந்த ‘டங்’ இன்னும் காதில் இருக்கிறது.

ரஸ்தா ராஜா (தேவகோட்டை)

வலது கால் கியர் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அப்பச்சியைத் தப்பாக நினைக்கிறீர்கள்.

இரண்டு சக்கர வண்டி நேராகப் போவது ஹேண்டில் அசையாமல் இருப்பதால் அல்ல. அசைவதால். வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தால் முன் சக்கரமும் தானாக இடப்பக்கம் திரும்பி வண்டியைத் தூக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் இது நடந்துகொண்டே இருக்கும். குழி விழுந்த கப்பில் இந்தச் சின்ன அசைவுதான் முதலில் போகும். வண்டி அலையும், நாம் கையால் திருத்திக்கொண்டே இருப்போம். கையை விட்டால் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆக, அப்பச்சி கையை விட்டு ஓட்டியிருக்கிறார் என்றால் அந்தக் காலத்தில் கோன் செட் சுத்தமாக இருந்தது என்றுதான் அர்த்தம். குழி பின்னால் விழுந்தது. (பிள்ளையை வைத்துக்கொண்டு கையை விட்டது சரியா என்பது வேறு பஞ்சாயத்து.)

என் கதை சின்னது. புல்லட்தான், மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் மாற்றப்போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும், யாரும் கேட்காவிட்டாலும்.

‘டக்’ என்றாலே கோன் செட் என்று முடிவுகட்டாதீர்கள். இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்து ஃபிரேமோடு சேரும் இடத்தில் இன்னொருவர் விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் கோன். அங்கே இல்லாமல் கீழே தெரிந்தால் ஃபோர்க் குழாய்க்குள் இருக்கும் புஷ். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறது என்றால் வீல் பேரிங். மட்கார்டு நட்டு லூசாக இருந்ததற்குக் கோன் செட் மாற்றியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

புதுக் கப்பை அடிக்கும்போது தடத்தின் மேல் நேரடியாகச் சுத்தியல் படக்கூடாது. பழைய கப்பைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தட்டலாம். நீளமான போல்ட், இரண்டு தடித்த வாஷர் இருந்தால் தட்டவே வேண்டாம், முறுக்கியே உள்ளே இழுத்துவிடலாம். கோணலாக ஏறினால் உடனே நிறுத்துங்கள். குண்டுகளைக் கிரீஸில் பதித்து அடுக்கினால் விழாது. இடமிருக்கிறதே என்று கூடுதலாக ஒன்றைத் திணிக்காதீர்கள். கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று உரசும்.

அப்புறம் டைட். எல்லாரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஆட்டம் போகும்வரை மட்டும் முறுக்குங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை ஒரு விரலால் லேசாகத் தள்ளினால் தன் கனத்திலேயே கடைசிவரை போய் விழ வேண்டும். பாதியில் நின்றால் டைட் அதிகம், இல்லை கிளட்ச் கேபிள் இழுக்கிறது. அதிகம் முறுக்கிய வண்டியைத் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டத்துக்கு நடுவே குன்றக்குடிப் பக்கம் ஓட்டிப் பாருங்கள், மெதுவாகப் போகும்போது எப்படி அலைகிறது என்று தெரியும். புதுக் கப் உட்கார்ந்ததும் மறுபடி லேசாக ஆட்டம் வரும். சில நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை பாருங்கள்.

குண்டுக்குப் பதில் டேப்பர் ரோலர் (ஒரு முனை சிறுத்த உருளை) போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். போடலாம். குண்டு புள்ளியில்தான் தொடும், ரோலர் நீளமாகக் கோட்டில் தொடும், பாரம் பரவுவதால் குழி சீக்கிரம் விழாது. ஆனால் செட்டின் உயரம் மாறுகிறதா என்று பழசோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆர்எக்ஸ் நூறு

ரஸ்தா அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் என் டீயும் ஆறிவிட்டது.

செக்காலை யெஸ்டி அண்ணே, வெல்டிங் கதை நல்ல கதை. ஆனால் படிப்பவர்கள் அப்படியே செய்துவிடப் போகிறார்கள். டேங்கைக் கழற்றித் தூரமாக வைக்க வேண்டும், பேட்டரி ஒயரைப் பிரிக்க வேண்டும், வெல்டிங் கப்பில் மட்டும்தான் பட வேண்டும், ஃபிரேமில் படக்கூடாது. உங்கள் வெல்டர் இதையெல்லாம் செய்திருப்பார், நீங்கள் டீக்கடையில் இருந்திருப்பீர்கள்.

என் வண்டியில் கப்பைத் திறந்ததும் கிரீஸே இல்லை. காபி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. இந்த ஊர்ச் செம்மண் தூசிக்கு மாதம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விட்டேன், அந்தப் பையன் ஹேண்டில் கழுத்திலேயே பைப்பை வைத்து அடிப்பான். வண்டி பளபளவென்று வரும், நானும் சந்தோஷமாகக் காசு கொடுத்திருக்கிறேன்.

பள்ளத்தூர் மருமகள்

நான் வண்டி ஓட்டுவேன், ரிப்பேர் தெரியாது. ஆனால் என் அனுபவம் யாருக்கும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மாமனார் வீட்டு ராஜ்தூத். வீடு வருஷம் முழுவதும் பூட்டித்தான் கிடக்கும். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் திறப்போம், இங்கே பாதி வீடுகள் அப்படித்தானே. வண்டி முகப்பில் ஹேண்டில் லாக் போட்டபடி நிற்கும். ஒரு பொங்கலுக்கு ஸ்டார்ட் பண்ணி எடுத்தேன். நேரே போகும்போது ஒரு குறையும் இல்லை. கோயில் முன்னால் வளைத்துத் திருப்பினேன், பாதியில் ஹேண்டில் ‘கடக்’ என்று ஓர் இடத்தில் பிடித்தது. எதிரே பொங்கல் பானையோடு ஆச்சிமார் வரிசை. காலை ஊன்றி நிறுத்திவிட்டேன், ஒருவர்கூட நகரவில்லை, எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

கழற்றிய மெக்கானிக் சொன்னது: லாக் போட்டுத் திருப்பி வைத்த நிலையிலேயே மழைக்காலமெல்லாம் நின்றதால், குண்டு உட்கார்ந்த இடத்தில் துருப் புள்ளி விழுந்திருக்கிறது. அதனால் பிடிப்பு நேரில் இல்லை, திருப்பத்தில். இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவர் எதற்கு என்று கேட்கவே இல்லை, இந்த வீட்டில் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துவிட்டார் போல.

வலது கால் கியர் (காரைக்குடி)

ரஸ்தா அண்ணே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு ஆத்தாவிடம் கேட்டேன். அப்பச்சி கையை விட்டு ஓட்டியதெல்லாம் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னாடியாம். “பின்னாடிதான் ஹேண்டில் நடுவுல இருக்கிற குமிழை முறுக்கிக்கிட்டே இருப்பாக. நாங்க யாராச்சும் தொட்டா திட்டு விழும்” என்றார். டேம்பர் குமிழ், ஹேண்டில் ஆட்டத்தை உரசலால் அடக்குவது. ஆட்டம் வந்த பிறகு கோன் செட் மாற்றாமல் அதை முறுக்கிச் சமாளித்திருக்கிறார். நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் அந்தக் குமிழ்க் காலத்தில் பின்னால் உட்கார்ந்து போனது ஆத்தா. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

செக்காலை யெஸ்டி

சொல்லிவிடாதீர்கள். ஆர்எக்ஸ் தம்பி, டேங்க் கழற்றித்தான் இருந்தது, டீக்கடை எதிரேதான், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம், கால் அங்குலக் குண்டு மட்டும் சைக்கிள் கடையில் வாங்கிப் போட்டால் போதுமா என்று ஒருவர் எனக்குத் தனியாகக் கேட்டிருந்தார். போதாது. புதுக் குண்டு பழைய குழியில்தான் போய் உட்காரும். கப்பு, கோன், குண்டு எல்லாம் செட்டாக வாங்குங்கள்.