ஐந்தாம் வகுப்பு முடிகிறது: மகளை இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றுவதா, பொறுப்பதா?

போளூர்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தமிழ் சரளமாக வாசிப்பாள். பெருக்கல் வரை வருகிறது, வகுத்தலில் தடுமாறுகிறாள். ஆங்கிலம் இன்னும் எழுத்துக்கூட்டித்தான்.

ஜூனில் ஆறாவது. 4 கி.மீ. தள்ளி அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, டவுன் பஸ்ஸில் போகலாம். இல்லையென்றால் வாசலுக்கே வேன் வரும் தனியார் மெட்ரிக் பள்ளி. ஃபீஸ் 32,000, வேன் 11,000, நோட்டு புத்தகம் சீருடை தனி. கணவர் கொத்தனார் வேலை. மாதம் 18,000 வந்தால் அது நல்ல மாதம்.

மாமியாரும் நாத்தனாரும் "இப்பவே மாத்திடு, ஆறாவதை விட்டா அப்புறம் பிடிக்கவே முடியாது" என்கிறார்கள். ஹெச்.எம். டீச்சர் "அவசரப்படாதீங்கம்மா" என்கிறார். மாற்றுவதென்றால் எந்த வகுப்பில் மாற்றுவது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆரணிக்காரர்

மாற்றுங்கள் சகோதரி. உண்மையைச் சொன்னால் இரண்டு வருடம் தள்ளிப்போய்விட்டது. என் மகனை மூன்றாவது முடித்ததும் மாற்றினேன். முதல் ஆறு மாதம் தினமும் அழுதான். டைரியில் மிஸ் எழுதி அனுப்புவதை எங்கள் வீட்டில் யாராலும் படிக்க முடியாது, பக்கத்து வீட்டுத் தம்பிதான் வந்து படித்துச் சொல்வான். ஆனால் ஐந்தாவது வரும்போது அவனே படித்துக்கொண்டான்.

சின்ன வயதில் விழுந்தால் சீக்கிரம் எழுந்துவிடும். ஆறாவதில் அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே ஆங்கிலத்தில் வந்து நிற்கும். அப்போது போய் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் ஒன்றுக்கு நாலு பாடம் போகும். எட்டாவதில் மாற்றுவது இதைவிட மோசம். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பை எப்படிப் பார்ப்பார்கள்? அவர்களைக் குறை சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

இடைநிலை_ஆசிரியை

ஒன்றியப் பள்ளியில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். ஆரணிக்காரர் சொல்லும் கணக்கில் பாதி சரி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். 34 பிள்ளைக்கு இரண்டு பேர் என்பது தலைக்கணக்கில் குறைவே இல்லை. ஆனால் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் மற்றவர்தான் ஐந்து வகுப்பும். அவரே எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் இணையதளம்) பதிவும் செய்ய வேண்டும், சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். அந்த நாளில் பாடம் நடக்காது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் அம்மா, இதை யோசியுங்கள். இந்தக் குறை தொடக்கப் பள்ளியின் குறை. ஆறாவதில் கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர், ஆங்கிலத்துக்கு ஒருவர் என்று பட்டதாரி ஆசிரியர்கள் வருவார்கள். ஐந்து வருடம் கஷ்டமான கட்டத்தை அரசுப் பள்ளியில் கழித்துவிட்டு, பாடத்துக்கு ஒரு ஆசிரியர் கிடைக்கும் நேரத்தில் பணம் கட்டி வெளியே போவதில் என்ன லாபம்? மாற்ற வேண்டும் என்றால் ஒன்றாவது, இரண்டாவதிலேயே பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று தெரிந்தபோது மாற்றியிருக்கலாம். உங்கள் மகளுக்கு வாசிப்பு வந்துவிட்டது. பெரிய மலையை அவள் ஏறிவிட்டாள்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2022 முதல், அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வைப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று கேளுங்கள். மூன்றாவது முடிவிலும் முதல் நிலையான அரும்பிலேயே இருந்தால் அன்றைக்கே கவலைப்படுங்கள். யாரும் கேட்பதில்லை, ரேங்க் கார்டை மட்டும் கேட்கிறார்கள்.

திரும்பி_வந்தவன்

நான் செய்த தவறை இந்தச் சகோதரி செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் மகளை ஆறாவதில்தான் மாற்றினேன். எல்லோரும் சொன்ன அதே காரணம். எட்டாவது நடுவில் எனக்கு வேலை போனது. இரண்டு டெர்ம் ஃபீஸ் பாக்கி. டிசி கொடுக்க அலைய விட்டார்கள். ஒன்பதாவதில் மறுபடி அரசுப் பள்ளியில் சேர்த்தேன். நன்றாகப் படித்தாள்.

பன்னிரண்டாவது முடித்து விண்ணப்பம் போடும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். பொறியியலில் அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் மூன்று வருடம் வெளியே போனதால் என் மகளுக்கு இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 வருகிறதே, அதற்கும் ஆறிலிருந்து கணக்கு. அதுவும் இல்லை. எட்டாவதில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு, தேறினால் வருடம் 12,000 வீதம் நான்கு வருடம். அந்த வருடம் அவள் தனியார் பள்ளியில் இருந்தாள்.

ஐந்தாவது வரை எங்கே படித்தாலும் இந்தத் திட்டங்களில் கேட்க மாட்டார்கள். ஆறாவதுதான் வாசல். போனால் பன்னிரண்டு வரை கட்ட முடியும் என்ற தைரியம் இருந்தால் போங்கள். இரண்டு வருடம் பார்க்கலாம் என்று போகாதீர்கள்.

ஆரணிக்காரர்

அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனாலும் ஒதுக்கீட்டை மனதில் வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை. மருத்துவத்தில் அந்த 7.5% என்பது மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சில நூறு இடங்கள். அதற்கும் நீட் தேற வேண்டும். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஒன்றுக்காக ஏழு வருடப் படிப்பைப் பணயம் வைப்பதா?

ஆசிரியை மேடம் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்கிறார். தாளில் அப்படித்தான். எங்கள் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆகஸ்டில் கணக்கு ஆசிரியர் மாறுதலில் போனார். பொங்கல் வரை அந்த இடம் காலி. வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்தார். அந்தப் பிள்ளைகள் அல்ஜீப்ராவை யாரிடம் போய்க் கேட்பார்கள்? தனியாரில் ஆள் போனால் மறு வாரம் ஆள் வந்துவிடும்.

மெட்ரிக்_முன்னாள்_டீச்சர்

மறு வாரம் வரும் ஆள் நான்தான் சார். பி.எட். முடித்துவிட்டு ஆறு வருடம் இரண்டு மெட்ரிக் பள்ளிகளில் வேலை பார்த்தேன். என் கடைசிச் சம்பளம் மாதம் 9,500. நான் கணிதம் படித்தவள். ஒரு வருடம் முழுக்க சமூக அறிவியல் எடுத்தேன், ஆள் இல்லை என்பதால். நான் இருந்த இடத்தில் கண்டதைச் சொல்கிறேன். எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன்.

புத்தகம் பற்றிப் பலருக்குத் தெரியவில்லை. சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே மாநிலப் பாடத்திட்டம், ஒரே பொதுத் தேர்வு. ஆங்கில வழிப் புத்தகம் என்பது அதே பாடத்தின் ஆங்கில வடிவம்தான். 2012-13 முதல் பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. அப்படியென்றால் 43,000 எதற்குப் போகிறது? கண்டிப்புக்கும் தினசரித் தேர்வுக்கும். அது சில பிள்ளைகளுக்கு உதவும், பொய் இல்லை.

ஆனால் ஆறாவதில் புதிதாக வரும் ஒன்றியப் பள்ளிப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சேர்க்கைக்கு ஒரு தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் வரவில்லை என்று சொல்லி ஐந்தாவதையே மறுபடி படிக்கச் சொல்வார்கள். எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்குத் தேர்வு வைப்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி தவறு, அபராதமே உண்டு. யார் கேட்கிறார்கள்? தன் வயதுப் பிள்ளைகள் ஆறாவதில் உட்கார, தான் மட்டும் ஐந்தாவதில் உட்காரும் பிள்ளை வாயே திறக்காது. அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா, வீட்டில் ஆங்கிலத்தில் ஹோம்ஒர்க் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா? இல்லையென்றால் டியூஷன் மாதம் 600, 700 ஆகும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் வருமானத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும்.

செய்யாறு_தம்பி

அக்கா, நான் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. இப்போது 7.5% ஒதுக்கீட்டில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வீட்டிலிருந்து ஃபீஸ் என்று ஒரு ரூபாய் கட்டவில்லை. அந்த வகையில் திரும்பி வந்த அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு.

ஆனால் ஆரணி அண்ணன் ஆங்கிலம் பற்றிச் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர் வைத்தேன். பாடம் புரியாமல் இல்லை, கேள்வியே புரியவில்லை. ஹாஸ்டலில் யாரிடமும் கேட்கக் கூச்சம். எனக்குப் பள்ளியில் நல்ல கணக்கு சார் இருந்தார், ஆங்கிலத்துக்கு மட்டும் யாரும் நிலையாக இல்லை. ஆறாவதிலிருந்து தினமும் ஒரு பக்கம் யாராவது என்னை ஆங்கிலம் வாசிக்க வைத்திருந்தால் போதும். அதற்குப் பள்ளி மாற வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. யாராவது செய்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்தால் 7.5% இருக்கும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. போன்ற அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20% முன்னுரிமை போய்விடும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். இரண்டையும் யோசித்துவிட்டுச் சேருங்கள்.

இடைநிலை_ஆசிரியை

தம்பி சொன்னது எனக்கு உறைத்தது. ஆங்கிலத்தில் நாங்கள் பலவீனம்தான். நானே தமிழில் விளக்கித்தான் ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன்.

அம்மா, இங்கே நாங்கள் பேசுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு, ஆங்கிலம், அறிவியல் எடுப்பவர்கள் யார், இடம் நிரந்தரமாக நிரம்பியிருக்கிறதா, மாற்றுப்பணியா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையை நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். மாலை எத்தனை மணிக்குப் பஸ் என்று பாருங்கள்.

போளூர்_அம்மா

பத்து நாளாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். இரண்டு பள்ளிக்கும் போய்வந்தேன்.

தனியார் பள்ளியில் அவளுக்குத் தேர்வு வைத்தார்கள். மெட்ரிக் டீச்சர் எழுதியிருந்தபடியே, ஐந்தாவதில் மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் "நான் ஃபெயிலாம்மா?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுவிட்டேன்.

அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஏழு வருடமாக அங்கேயே இருக்கிறார். அறிவியலுக்கும் ஆள் இருக்கிறது. ஆங்கில இடம் ஜனவரியிலிருந்து காலி, மாற்றுப்பணியில் வாரம் இரண்டு நாள். ஆரணி அண்ணன் சொன்னது அப்படியே. கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாயங்காலம் 4.30க்கு ஒரு பஸ், விட்டால் 5.40.

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்ப்பது என்று நானும் அவரும் முடிவு செய்திருக்கிறோம். வேனுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைப் பக்கத்துத் தெருவில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பெண்ணுக்குக் கொடுத்து, தினமும் ஒரு மணி நேரம் வாசிக்க வைக்கப் போகிறேன். மாமியாருக்கு இன்னும் மனசில்லை.

ஆரணிக்காரர்

உங்கள் பிள்ளை, உங்கள் முடிவு. ஐந்தாவதைத் திரும்பப் படிக்கச் சொன்ன பள்ளியில் சேர்க்காதது நல்லதுதான். ஆனால் என் கருத்து மாறவில்லை. காலாண்டுத் தேர்வு வரை ஆங்கில ஆசிரியர் வரவில்லையென்றால் வேறு நல்ல தனியார் பள்ளி பாருங்கள். ஒரு வருடம் முழுதாகப் போக விடாதீர்கள்.

திரும்பி_வந்தவன்

காலாண்டில் மாற்றினாலும் ஆறாவதில் வெளியேறியது வெளியேறியதுதான். அதற்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போய்க் கேளுங்கள் சகோதரி. காலியிடம் என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். என் காலத்தில் நான் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.

போளூர்_அம்மா

கூட்டம் எந்தத் தேதி என்று ஜூனில் சேர்க்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்கிறேன் அண்ணா. தாழ்ப்பாளையும் சேர்த்துச் சொல்கிறேன். நேற்று அந்தப் பெண் முதல் பாடம் நடத்தினாள். ஒரு பக்கம் படிக்க நாற்பது நிமிடம் ஆனது.