தம்பிக்கு சாகாஸ் டெஸ்ட் எடுக்கணும், எங்கனு தெரியல

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். தம்பிக்கு வயசு 38, பொலிவியாவுல 6 வருஷம் வேலை பாத்துட்டு போன வருஷம்தான் ஊருக்கு வந்தான், இப்ப மூணு மாசமா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, கால் வீங்குது, ரெண்டு தடவ மயக்கம் போட்டு விழுந்துட்டான். ஈசிஜில ரைட் பண்டில் பிளாக் (இதயத்தோட வலது பக்கம் மின்சார ஓட்டத்துல தடை), எக்கோல இதயத்தோட பம்பிங் 35 சதவீதம்தான், ரொம்ப கம்மி. ஆஞ்சியோ பாத்தாச்சு, ரத்தக்குழாய்ல அடைப்பு இல்ல. சுகர், தைராய்டு நார்மல்.

அங்க மண்சுவர் வீட்ல தங்கினேன், ராத்திரில பூச்சி கடிக்கும்னு அவன் சொன்னப்புறம்தான் டாக்டருக்கு சாகாஸ்ங்கற நோயா இருக்குமோனு சந்தேகமே வந்துச்சு. அந்தப் பூச்சியோட கழிவுல இருக்கற ஒட்டுண்ணி உடம்புக்குள்ள போய் வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாம இருந்துட்டு அப்புறம் இதயத் தசையில அழற்சிய உண்டாக்குமாம். ரெண்டு வேற வேற முறைல ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணி ரெண்டும் பாசிட்டிவ் வந்தாதான் உறுதி பண்ணுவாங்களாம். நம்ம ஊர்ல இல்லாத நோய்ங்கறதால கடலூர், பாண்டினு அஞ்சு லேப் ஏறி இறங்கியும் ஒருத்தரும் எடுக்கறதில்ல. இதய மாத்திரை மட்டும் போயிட்டிருக்கு, அவன் முகத்தப் பாக்கவே முடியல.

இந்த ஒட்டுண்ணிக்கான (பேரு டிரிப்பனோசோமா குரூசி) ஆன்டிபாடி டெஸ்ட் பாண்டி, சென்னை, வேலூர் பக்கம் எங்க எடுக்கறாங்கனு யாருக்காவது தெரியுமா?