பூட்டனார் பெயரை ஆங்கிலேயர் காலப் பதிவேடுகளில் தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் பூட்டனார் திருத்துறைப்பூண்டி அருகே நிலம் வைத்திருந்தார் என்றும், அவருடைய தம்பி தென்னாப்பிரிக்காவிலுள்ள நெட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறினார் என்றும் வீட்டில் சொல்வார்கள். ஊரின் பெயரும் அவர்களுடைய தகப்பனார் பெயரும் மட்டுமே தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1: ஐயா, ஆளைத் தேடுவதற்கு முன் நிலத்தைத் தேடுங்கள், வரி செலுத்தியவரின் பெயரைத்தான் அன்றைய அரசு அக்கறையோடு எழுதி வைத்தது. இன்றைய பட்டாவிலுள்ள சர்வே எண்ணிலிருந்து, மறு அளவையில் எண் மாறியிருக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு, பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடு வரை பின்னோக்கிச் செல்லுங்கள். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கும்போது தஞ்சாவூர் ஜில்லா என்றே குறிப்பிடுங்கள். திருத்துறைப்பூண்டி இன்று இருக்கும் திருவாரூர் மாவட்டம் 1997இல் உருவானதுதான். வரிச்சலுகையோடு கொடையாகத் தரப்பட்ட மானிய நிலமாக இருந்தால், அத்தகைய நிலங்களின் உரிமையை ஆராய 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளையும் பாருங்கள்.

மறுமொழி 2: தம்பியைக் கண்டுபிடிப்பது ஒருவேளை எளிதாக இருக்கலாம். 1860 முதல் 1911 வரை நெட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் ஆகியவை பதிவாகியுள்ளன. பெயரின் எழுத்துக்கூட்டலை நம்பாமல், ஊரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்து ஒப்பிடுங்கள். தெற்கிலிருந்து அக்கப்பல்கள் சென்னையில் புறப்பட்டன என்பதால், நாகப்பட்டினத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மறுமொழி 3: சார்பதிவாளர் அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால், சகோதரர் அனைவரின் பெயரும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும்.