ஆச்சி வீட்டுக் குழு: கவினோட பி.பி. சீட்டு

மகேஸ்வரி: கவினுக்கு இன்னைக்கு ஸ்கூல்ல மெடிக்கல் கேம்ப். சீட்டுல பி.பி. 126/82ன்னு போட்டு டாக்டரைப் பாருங்கன்னு எழுதியிருக்காங்க. 11 வயசுதானே ஆகுது. விஜயா சித்தி, இருக்கீங்களா?

பெரியத்தை: பிள்ளைக்கு பி.பி.யா!! முருகா

சங்கர் மாமா: பெரியவங்களுக்கே 120/80. ஆறு கூட இருக்கு, அவ்வளவுதான். விடு மகேசு

விஜயா சித்தி: சங்கர், அப்படி விடக்கூடாது. 120/80 கணக்கு 13 வயசுக்கு மேலதான். அதுக்குக் கீழ வயசு, உயரம், ஆணா பெண்ணான்னு வச்சுப் பட்டியல் இருக்கு. 11 வயசுப் பையனுக்கு 110/74 தொட்டாலே அந்தப் பட்டியலை எடுத்துப் பாக்கணும். அதுக்காக ஒரே தடவை எடுத்த அளவை வச்சு "பி.பி. வந்துட்டு"ன்னும் சொல்லக்கூடாது. மகேசு, உயரம், எடை?

மகேஸ்வரி: 148 செ.மீ., 55 கிலோ

பெரியத்தை: நெய்யும் புரோட்டாவுமா குடுத்தா? போன பொங்கலுக்கே சொன்னேன்

மகேஸ்வரி: அத்தை, அந்த நெய் நீங்க குடுத்து விட்டதுதான்

குமார் (சென்னை): காதுகுத்துக்கு வேன் 2ஆ 3ஆ? டிரைவர் அட்வான்ஸ் கேக்காரு

விஜயா சித்தி: குமாரு, ஒரு நிமிஷம். மகேசு, கேம்ப்ல அவன் கையில எந்தப் பட்டை கட்டினாங்கன்னு கேட்டியா?

மகேஸ்வரி: சின்னப் பிள்ளைங்க பட்டைதான்னு சொன்னான். கை இறுக்கிப் பிடிச்சிச்சாம்

விஜயா சித்தி: அங்கதான் தப்பு நடக்கும். பட்டையை வயசு பாத்து எடுக்கக்கூடாது, கை பாத்து எடுக்கணும். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை எலும்பு முனைக்கும் நடுவுல டேப் வச்சுச் சுத்தளவு எடு. பட்டைக்குள்ள இருக்கற காத்துப்பை அந்தச் சுத்தளவுல 40 சதவீதமாவது அகலம், 80லேர்ந்து 100 சதவீதம் நீளம் இருக்கணும். சின்னப் பட்டையைப் பருத்த கையில கட்டினா பி.பி. பொய்யாக் கூடும். பெரிய பட்டையை மெலிஞ்ச கையில கட்டினா பொய்யாக் குறையும். ரெண்டாவதுதான் மோசம், யாருக்கும் தெரியாமலே போயிரும்.

மகேஸ்வரி: இப்பதான் எடுத்தேன். கை 28 செ.மீ.

முருகேசன் (லேப்): 28ன்னா காத்துப்பை அகலம் 11.2, நீளம் 22.4க்குக் குறையக்கூடாது. பெரியவங்க பட்டைதான் சரியா வரும் சித்தி

விஜயா சித்தி: அதேதான். சரியான பட்டையில எடுத்தா அளவு இறங்கலாம். இறங்காமலும் இருக்கலாம், ஏன்னா எடை இருக்கு. இடுப்பையும் அள. பேண்ட் கட்டுற இடத்துல இல்ல, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல. வயித்தை எக்காம, மூச்சை விட்டதும்.

சங்கர் மாமா: எதுக்கு டேப்பெல்லாம்? எங்க ஜிம்ல ஒரு மெஷின் மேல ஏறி நின்னா கொழுப்பு எத்தனை சதவீதம்னே காட்டும். கூட்டிட்டு வாங்க

முருகேசன் (லேப்): மாமா, அது கொழுப்பை நேரா அளக்கறது இல்ல. பாதம் வழியா லேசா கரண்ட் விட்டு உடம்புத் தண்ணியைக் கணக்குப் போடும், அதுலேர்ந்து கொழுப்பை ஊகிக்கும். விளையாடி வேர்த்துட்டு வந்தா ஒண்ணு காட்டும், தண்ணி குடிச்சா வேற காட்டும். பெரியவங்களுக்கான சூத்திரம் போட்ட மெஷின்னா பிள்ளைங்களுக்குச் சரியாவே வராது.

மகேஸ்வரி: இடுப்பு 79

விஜயா சித்தி: உயரத்துல பாதி 74. இடுப்பு அதுக்குள்ள இருக்கணும். 5 செ.மீ. கூட இருக்கு. எடையை விட எனக்கு இதுதான் கவலை. எடையில எலும்பு, தசை எல்லாம் சேர்ந்திருக்கு. வளர்ற பிள்ளைக்கு உயரமும் தசையும் கூடும்போது பி.பி. கொஞ்சம் ஏறறது இயல்பு, அதனாலதான் பட்டியல்ல உயரம் வருது. வயித்துக்குள்ள ஈரலையும் சிறுநீரகத்தையும் சுத்திச் சேர்ற கொழுப்பு அப்படி இல்ல. அது இருந்தா ரத்தத்துல இன்சுலின் கூடியே நிக்கும், சிறுநீரகம் உப்பை வெளிய விடாது, உப்பு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். நரம்பு தூண்டப்பட்டு ரத்தக்குழாயும் இறுகும்.

பெரியத்தை: அப்ப எங்க சரணுக்குக் கவலை இல்ல. ஒல்லி. எந்தக் குறையும் சொல்ல முடியாது

விஜயா சித்தி: ஒல்லின்னு விட முடியாது மதினி. நம்ம ஊர்ப் பிள்ளைங்க கை கால் மெலிஞ்சு வயிறு மட்டும் தள்ளி இருப்பாங்க. புனேயில அப்பத்தான் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்து சவுத்தாம்டன்ல பிறந்த குழந்தைகளோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. புனேக் குழந்தைங்களுக்கு எடை நல்லாக் குறைவு, தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையல. சரணுக்கும் இடுப்பு அளந்து அனுப்புங்க.

பெரியத்தை: பாக்கலாம்

குமார் (சென்னை): வேன்??

செல்வி: 3 சொல்லிரு. மதுரைக்காரங்களும் வாராங்க

சங்கர் மாமா: மதுரைக்காரங்களா? யாரு கூப்பிட்டா?

செல்வி: ஆச்சிதான். அதை இப்ப ஆரம்பிக்காதீங்க அத்தான்

மகேஸ்வரி: சித்தி, டாக்டர்ட்ட எப்ப போகணும்? மாத்திரை குடுப்பாங்களா?

விஜயா சித்தி: மாத்திரைப் பேச்சே இப்ப வேண்டாம். ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள போ. முதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வரட்டும். முதுகு சாய்ஞ்சு, பாதம் தரையில பட, கால் மேல கால் போடாம 5 நிமிஷம் பேசாம உக்காரட்டும். வலது கை, நெஞ்சு மட்டத்துல. இடது கையில ஏன் எடுக்கறதில்லன்னா, மகாதமனி, அதாவது இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய், பிறவியிலேயே சுருங்கி இருந்தா அந்தக் கையில அளவு குறைச்சுக் காட்டலாம். மெஷின்ல அளவு கூடுதலா வந்தா அன்னைக்கே இன்னும் ரெண்டு தடவை எடுத்துச் சராசரி போடணும், ஸ்டெத் வச்சும் ஒரு தடவை பாக்கச் சொல்லு. மூணு வெவ்வேற நாள் போய் மூணுலயும் கூடுதலா இருந்தாத்தான் பி.பி.ன்னு பேர் வைப்பாங்க.

விஜயா சித்தி: இன்னொண்ணு. ராத்திரி குறட்டை விடுதானா?

மகேஸ்வரி: நல்லா விடுவான்

விஜயா சித்தி: அதை டாக்டர்ட்ட மறக்காமச் சொல்லு. தூக்கத்துல மூச்சு தடைப்பட்டாலும் பி.பி. ஏறும். கடுமையான தலைவலி, வாந்தி, கண் மங்கல், வலிப்பு, இதுல எது வந்தாலும் வாரம் காத்திருக்காம அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

பெரியத்தை: நாளையிலேர்ந்து ராத்திரி சோத்தை நிறுத்து

விஜயா சித்தி: ஐயோ வேண்டாம் மதினி, வளர்ற வயசு. எடை இப்படியே நின்னு உயரம் ஏறினாலே போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், நூடுல்ஸ் மசாலாவைக் குறைக்கட்டும். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு டீஸ்பூன் உப்புதான், 5 கிராம். அவனுக்கு அதை விடக் குறைவு. தயிர்ச் சோத்துக்கு உப்புப் போடாத. தினம் 60 நிமிஷம் ஓடியாடட்டும், டியூஷனை ஒரு மணி நேரம் தள்ளி வை. அப்புறம் அவன் முன்னால "குண்டு, பி.பி."ன்னு யாரும் பேசாதீங்க. காதுகுத்து வீட்டுலயும்தான்.

சங்கர் மாமா: பந்தியில அப்பளம் உண்டா இல்லையா?

செல்வி: உண்டு. கவின் இலைக்கு ஒண்ணு

மகேஸ்வரி: வியாழன் போகலாம்னா அவருக்கு ஷிப்ட். முருகேசா, சனிக்கிழமை கூட வருவியா?

முருகேசன் (லேப்): சனி லேப்ல ஆள் இல்ல மதினி. கேட்டுட்டுச் சொல்லுதேன். சீட்டுல கை சுத்தளவு 28ன்னு இப்பவே எழுதி வச்சுக்கோங்க

பெரியத்தை: சரணுக்கு இடுப்பு 68. உயரம் 131. இது சரியா விஜயா?

விஜயா சித்தி: பாதி 65.5. அவனையும் கூட்டிட்டு வாங்க மதினி

குமார் (சென்னை): சரி, 3 வேன் சொல்லிட்டேன். காசு யார் போடுதா?