முதியோர் இல்லத்தில் அம்மாவுக்கு மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்று: எதைக் கவனிக்க வேண்டும்?

வீரவநல்லூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 78. இடுப்பு எலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை முடிந்த பின், வீட்டில் தூக்கி எடுத்துப் பார்க்க ஆள் இல்லாத காரணத்தால் பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். மருத்துவமனையில் போட்ட சிறுநீர் டியூப் இன்னும் எடுக்கப்படவில்லை. இல்லத்துக்கு வந்த பிறகு இரண்டு முறை குளிர்காய்ச்சல் வந்து, சிறுநீர்த் தொற்று என்று சொல்லி ஊசி மருந்து போட வேண்டியதாயிற்று.

இல்லத்தில் குறை சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. தரை பளிச்சென்று இருக்கிறது. வாசலில் நுழையும்போதே பினாயில் வாசனை வருகிறது. பணிப்பெண்கள் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அப்படியிருந்தும் ஏன் இப்படி? அவர்கள் மனம் நோகாமல் நான் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

தம்பி, அரசு மருத்துவமனை வார்டுகளில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த டியூப் எதற்காக இன்னும் இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா? அறுவை சிகிச்சைக்காகப் போட்ட டியூபை, வேறு காரணம் இல்லையென்றால், பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடலாம். டிஸ்சார்ஜ் அன்று யாரும் கேட்காததால் அப்படியே வீட்டுக்கோ இல்லத்துக்கோ கூடவே வந்துவிடுகிறது; டியூப் இருந்தால் துணி மாற்றும் வேலை குறைவு என்பதால் அங்கேயும் யாரும் அவசரப்படுவதில்லை. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே சேர்ந்துவிடும். ஆகவே, உங்கள் முதல் கேள்வி இல்லத்தாரிடம் அல்ல, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம்: "இந்த டியூப் இன்னும் வேண்டுமா?"

அடுத்தது கையுறை. அது பணிப்பெண்ணின் கையைத்தான் காப்பாற்றுகிறது, உங்கள் அம்மாவை அல்ல. காலையில் யூரின் பேக் காலி செய்யும் நேரத்தில் ஒருநாள் போய் நில்லுங்கள். முதல் கட்டிலில் போட்ட அதே கையுறையோடு, அதே பிளாஸ்டிக் குவளையை எடுத்துக்கொண்டு ஒருவர் கடைசிக் கட்டில் வரை போகிறாரா என்று பாருங்கள். பேக்கின் அடியில் திறந்து விடும் முனை அந்தக் குவளையின் விளிம்பில் இடிக்கும். முதல் கட்டிலில் இருப்பவரின் கிருமி அந்த விளிம்பு வழியாகவே மூன்றாவது கட்டிலுக்கு வந்து சேரும். ஒரே வரிசையில் அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தால் நாங்கள் முதலில் தேடுவது அந்தக் குவளையைத்தான். பெயர் எழுதி ஒட்டிய தனிக் குவளை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். ஒருவரை முடித்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டு, கையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்தவரைத் தொட வேண்டும்.

பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது பேக்கை அம்மாவின் மடியில் வைத்துவிடுவார்கள். அந்தச் சில நிமிடங்களில் பேக்கில் இருப்பது திரும்பி உள்ளே போகும். டியூபும் பேக்கும் சேரும் இடத்தைத் தேவையில்லாமல் கழற்றவும் கூடாது. பினாயில் வாசனையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், தம்பி. தரையை விடக் கையிலிருந்து பரவுவதுதான் அதிகம்.

குற்றாலச் சாரல்:

அண்ணாச்சி, தென்காசிப் பக்கம் ஒரு சிறிய முதியோர் இல்லத்தின் நிர்வாகத்தில் இருக்கிறேன் என்பதால் பணிப்பெண்கள் சார்பில் ஒரு சொல். சோப்புப் போட்டு முறையாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி போதும். கை கழுவும் தொட்டி வராந்தாவின் கோடியில் இருக்கையில், ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையே அங்கே போய் வரச் சொன்னால் எந்த மனுஷியாலும் முடியாது. அக்கறை இல்லாமல் அல்ல, நேரம் இல்லாமல்தான் விட்டுப்போகிறது. எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சானிடைசர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டோம். அதன் பிறகு யாரையும் அதட்ட வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் சானிடைசரை நம்பக் கூடாது. அதற்குக் காரணமான சில கிருமிகள் ஆல்கஹாலுக்குச் சாவதில்லை, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். தொட்டி அருகே எல்லோரும் கை துடைக்க ஒரே துண்டு தொங்கினால், கழுவிய பலன் அந்தத் துண்டோடு போய்விடும்.

இன்னொன்றையும் நம் ஊர் வழக்கத்தை அறிந்தே சொல்கிறேன். ஆளைப் பார்க்க வருகிறோம் என்று வேன் பிடித்து வந்து, கட்டிலிலேயே உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பேசி, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அடுத்த கட்டிலில் இருக்கும் ஆச்சியையும் தொட்டு நலம் விசாரிக்கிறோம். அன்பு வேண்டும்தான், அறைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கையைச் சுத்தம் செய்துவிட்டு அந்த அன்பைக் காட்டலாம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அன்றைக்குப் போனில் விசாரித்தால் போதும்.

மருத்துவர், நெல்லை:

மேலே செவிலியர் அம்மா சொன்னது அத்தனையும் சரி. மருந்து பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

டியூப் இருப்பவரின் சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருப்பதாலோ, பரிசோதனையில் கிருமி தெரிவதாலோ மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி ஆகியவை இருந்தால்தான் அதைத் தொற்று என்று கருத வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் இருந்ததால் சிகிச்சை தேவைப்பட்டிருக்கலாம்; ஆனால் ஊசி போடும் முன் கல்ச்சர் (எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனை) எடுத்தார்களா என்று கேளுங்கள். பேக்கில் தேங்கிய சிறுநீரை அனுப்பினால் முடிவு தவறாக வரும். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் தேவையும் இருக்கிறது என்றால், புதிய டியூப் போட்டு அதிலிருந்து எடுப்பதே சரி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தேவையில்லாத ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அந்த இல்லத்திலேயே வளர்த்துவிடுகிறது. பிறகு அது பக்கத்துக் கட்டிலுக்கும், அங்கிருந்து மருத்துவமனைக்கும் போகிறது. 2012இல் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டது இந்த அச்சத்தால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும் ஒவ்வொரு 100 பேரிலும், வசதி படைத்த நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது வந்து சேர்கிறது. இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும் என்பதுதான் எங்களைப் போன்றவர்களை வருத்துகிறது.

வீரவநல்லூர்க்காரன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எலும்பு மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். டியூபை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எடுத்த பிறகு சிறுநீர் போகாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இப்போது பயமாக இருக்கிறது, அக்கா.

ஓய்வுபெற்ற செவிலியர்:

பயப்பட வேண்டாம், தம்பி. காலையில் எடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் பகல் முழுவதும் கவனிக்க முடியும். உள்ளே ஒரு சிறு பலூனில் தண்ணீர் நிரப்பித்தான் டியூபை நிறுத்தியிருப்பார்கள். அதை ஊசிக் குழாயால் முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகே டியூபை எடுக்க வேண்டும் என்பதால், பயிற்சி பெற்ற செவிலியர்தான் செய்ய வேண்டும். அதன் பிறகு, மருத்துவர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, வழக்கம்போல் குடிக்கக் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பெட்பேன் வைத்துப் பாருங்கள். ஆறு மணி நேரம் கடந்தும் போகவில்லை என்றாலோ, அதற்கு முன்பே அடிவயிறு உப்பி வலித்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

டயப்பர் கட்டினால் நனைந்ததும் மாற்ற வேண்டும். சுத்தம் செய்யும்போது முன்பக்கமிருந்து பின்பக்கமாகத்தான் துடைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் போதாது என்று இல்லத்தில் சொல்லக்கூடும்; அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. முதல் சில நாட்கள் பகலில் வீட்டிலிருந்து ஒரு பெண் போய் உடனிருந்தால், அம்மாவும் பழகிக்கொள்வார்கள், டியூபைத் திரும்பப் போடும்படி யாரும் கேட்கவும் மாட்டார்கள்.