புதுப்பிப்பு: கிளிப்பி சொன்ன இரண்டு மியூட்டெக்ஸில் ஒன்று போனது, ஒன்று நிற்கிறது

ரஸ்ட் கோடில் மியூட்டெக்ஸுக்குப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பதில் அட்டாமிக் (பூட்டில்லாமலே பல த்ரெட்டுகள் பாதுகாப்பாக மாற்றக்கூடிய மதிப்பு) போடச் சொல்லி, ரஸ்ட் கோடைச் சரிபார்க்கும் கருவியான கிளிப்பி ஒரு கவுண்டர், ஒரு கொடி என இரண்டு இடத்தில் எச்சரிக்கிறது, அது சொல்கிறபடி செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கவுண்டர் எளிது. அட்டாமிக்யூசைஸ் (அட்டாமிக் முழு எண்), ஃபெட்ச்_ஆட் (படித்துக் கூட்டி எழுதுவதை ஒரே செயலாகச் செய்வது), ரிலாக்ஸ்டு (மிகத் தளர்வான ஆர்டரிங்). எல்லா த்ரெட்டும் முடிந்து ஜாயின் ஆன பிறகுதான் எண்ணைப் படிக்கிறேன் என்பதால் அதற்கு மேல் ஆர்டரிங் (மற்ற நினைவகச் செயல்களோடு வரிசை பற்றிய உறுதி) தேவைப்படவில்லை. (லோடு செய்து ஒன்று கூட்டி ஸ்டோர் செய்தால் போதாதா என்று கேட்டவருக்கு: போதாது. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்துவிடும்.)

'தயார்' என்ற பூலியன் கொடியை மாற்றவில்லை. அதனோடு ஒரு காண்ட்வார் (ஒரு நிலை வரும்வரை த்ரெட்டைத் தூங்கவைத்து எழுப்பும் வசதி) இருக்கிறது. அதன் வெயிட், மியூட்டெக்ஸைப் பூட்டும்போது கிடைக்கும் கார்டைத்தான் கேட்கும். கொடியை மட்டும் அட்டாமிக்காக வெளியே எடுத்தால், காத்திருக்கும் த்ரெட் கொடி பொய் என்று பார்த்துவிட்டுத் தூங்கப்போகும் இடைவெளியில் மற்ற த்ரெட் அதை மெய்யாக்கி, எழுப்பும் அழைப்பான நோட்டிஃபையைச் செய்துவிடலாம். அந்த அழைப்பு யாருக்கும் போய்ச் சேராது, தூங்கிய த்ரெட் எழவே எழாது. லாக்கை விடுவதும் தூங்குவதும் ஒரே செயலாக நடப்பதுதான் வெயிட்டின் பலனே.

இந்தச் சூழலைக் கண்டுபிடிக்க முடியாது என்று, இந்த எச்சரிக்கையைத் தரும் லிண்டின் (கிளிப்பியின் சரிபார்ப்பு விதி) விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இயல்பாக ஓடும் லிண்டும் அல்ல, எங்கள் கட்டமைப்பில் யாரோ இயக்கி வைத்தது. கொடி இருக்கும் வரிக்கு மட்டும் எச்சரிக்கையை அடக்கும் அலவ் போட்டு, காரணத்தைக் கமெண்டில் எழுதிவிட்டேன்.